திரையில் எழுத்து தெரியவில்லையா? கண்ணைக் குறை சொல்லும் முன் இதைச் செய்து பாருங்கள்



சென்ற கல்வியாண்டில் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் நடந்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு தாய், கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்த தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கணவர் மவுத்தாகிவிட்டவர். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை அலுவலக லேப்டாப்பில் நாங்களே நிரப்பிக் கொடுத்தோம். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக் கணக்கு எண்ணை அடித்தோம். ஒரு முறை சரிபார்க்கவும் செய்தோம். இரண்டு மாதம் கழித்து, தொகை அனுப்பப்பட்டும் கணக்கில் சேராமல் திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. பாஸ்புக்கை மறுபடி எடுத்துப் பார்த்தால், 8 இருக்க வேண்டிய இடத்தில் 6 அடித்திருக்கிறோம்.

திருத்தம் கேட்டு எழுதி, அந்தத் தொகை கைக்கு வருவதற்குள் கல்லூரியில் பருவக் கட்டணத்தின் கடைசி நாள் வந்துவிட்டது. அறக்கட்டளை நிதியிலிருந்து வட்டியில்லா அழகிய கடன் கொடுத்து அந்தப் பிள்ளையின் படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொண்டோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தாய் இதற்காக இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

அடித்த கைக்கும் சரிபார்த்த கண்ணுக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிறகுதான் தன்னார்வத் தொண்டராக வந்த ஒரு கல்லூரி மாணவர், திரையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன எழுத்தில் எப்படி வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். இரண்டு இடத்தில் மாற்றினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்து ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது. பல மாதங்களாகத் திரைக்கு முகத்தைக் கொண்டுபோய்க் கொண்டிருந்த எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

நம் வீடுகளில் எத்தனையோ பேர் இதே நிலையில் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம். தெரியாத எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பது பொறுமையும் அல்ல, வயதின் தலைவிதியும் அல்ல. ஒரு அமைப்பை மாற்றினால் தீரக்கூடிய விஷயம்.

புதிய லேப்டாப்பில் எழுத்து ஏன் சிறுத்துப்போகிறது?

"பழைய லேப்டாப்பில் நன்றாகத் தெரிந்தது, புதிதில்தான் தெரியவில்லை" என்று பலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. இதற்குக் காரணம் உண்டு.

லேப்டாப் திரை என்பது நுண்ணிய ஒளிப் புள்ளிகளால் ஆனது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் பெற்றவை பெரும்பாலும் 14 அங்குலத் திரை கொண்டவை. குறுக்கே 1366 புள்ளி, நெடுக்கே 768 புள்ளி. இன்று கடையில் வாங்கும் 14 அங்குல லேப்டாப்பில் அதே அளவு திரைக்குள் 1920க்கு 1080 புள்ளிகளை அடைத்திருக்கிறார்கள். முன்பு ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 112 புள்ளி, இப்போது 157.

ஓர் எழுத்துக்கு 16 புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பழைய திரையில் அது 3.6 மில்லிமீட்டர் உயரம் வரும். புதிய திரையில் புள்ளிகளே சிறுத்துவிட்டதால் அதே 16 புள்ளி 2.6 மில்லிமீட்டர்தான். அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சிறுத்துவிட்டது. படம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் புள்ளிகளைக் கூட்டினார்கள். எழுத்தின் அளவை அதற்கு ஏற்றபடி கூட்டாமல் விட்டால் நம் கண்தான் அந்த வித்தியாசத்தைச் சுமக்க வேண்டும்.

செய்யக் கூடாத ஒன்று

எழுத்து சிறியதாக இருக்கிறது என்று சொன்னால், சிலர் உடனே 'ரெசல்யூஷன்' என்ற இடத்தில் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். எழுத்து பெரிதாகும், உண்மைதான். ஆனால் ஓரங்கள் கலங்கி, மை ஊறிய தாள் போல மங்கிவிடும். திரையில் உள்ள புள்ளிகளை யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. குறைந்த புள்ளிக்கு வரைந்த படத்தை இருக்கிற புள்ளிகள் மீது இழுத்துப் பரப்புவதுதான் அங்கே நடக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். 6ஆம் நம்பர் ஷூவை இழுத்துப் பிடித்து 8ஆம் நம்பர் காலில் மாட்டினால் தையல் விரியும், தோல் நலியும். 8ஆம் நம்பருக்கு என்று தனியாகப் பேட்டர்ன் வெட்டித் தைத்தால் கச்சிதமாக இருக்கும். ரெசல்யூஷனைக் குறைப்பது முதல் வகை. கீழே சொல்லும் 'ஸ்கேல்' இரண்டாவது வகை. எழுத்தைப் பெரிய அளவில் புதிதாக வரைகிறது. ஆகவே ரெசல்யூஷனில் 'ரெக்கமண்டட்' என்று எது காட்டுகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.

படிப்படியாகச் செய்யும் முறை

கீழே உள்ளவை விண்டோஸ் 11க்கு உரியவை. விண்டோஸ் 10இலும் இவை உண்டு. 'ஆக்சஸிபிலிட்டி' என்பதற்குப் பதிலாக அங்கே 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்' என்று இருக்கும். விண்டோஸ் 7 உள்ள பழைய அரசு லேப்டாப்பில் 'கண்ட்ரோல் பேனல்' போய் 'டிஸ்ப்ளே' என்பதைத் திறந்தால் எழுத்தைப் பெரிதாக்கும் இடம் கிடைக்கும்.

முதலாவது, எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்குவது. கீபோர்டில் இடது பக்கம் கீழே நான்கு கட்டம் போட்ட சன்னல் குறி உள்ள விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு 'ஐ' எழுத்தைத் தட்டுங்கள். 'செட்டிங்ஸ்' திறக்கும். 'சிஸ்டம்', அதில் 'டிஸ்ப்ளே', அதில் 'ஸ்கேல்'. அங்கே 100, 125, 150 என்று சதவீதம் இருக்கும். 1920 புள்ளி கொண்ட 14 அங்குலத் திரைக்கு 150 வைத்துப் பாருங்கள். 1366 புள்ளி கொண்ட பழைய திரைக்கு 125 போதும். எழுத்து, ஐகான், கீழே உள்ள டாஸ்க்பார் எல்லாம் ஒன்றாகப் பெரிதாகும். ஓரிரு மென்பொருளில் மாற்றம் தெரியாவிட்டால் லேப்டாப்பை ஒரு முறை 'சைன் அவுட்' செய்து மறுபடி நுழையுங்கள்.

இரண்டாவது, எழுத்தை மட்டும் பெரிதாக்குவது. விண்டோஸ் பட்டனுடன் 'யு' எழுத்தைத் தட்டினால் நேராக 'ஆக்சஸிபிலிட்டி' திறக்கும். 'டெக்ஸ்ட் சைஸ்' என்பதில் ஒரு கோடும் அதில் நகரும் புள்ளியும் இருக்கும். 100 முதல் 225 சதவீதம் வரை நகர்த்தலாம். மாதிரி எழுத்து உடனே மாறிக் காட்டும். வசதியாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி 'அப்ளை' அழுத்துங்கள்.

மூன்றாவது, டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான்கள். காலியான இடத்தில் வலது பட்டனை அழுத்தி 'வியூ', பிறகு 'லார்ஜ் ஐகான்ஸ்'. மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: 'கண்ட்ரோல்' பட்டனை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டினால் ஐகான் வளரும், கீழ்நோக்கி உருட்டினால் சுருங்கும்.

நான்காவது, மவுஸ் அம்பு. வயதானவர்கள் திரையில் அதிகம் தேடுவது இதைத்தான். அதே 'ஆக்சஸிபிலிட்டி'யில் 'மவுஸ் பாயின்டர்' என்பதில் அம்பைப் பெரிதாக்கலாம். கறுப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தையும் மாற்றலாம். 'டெக்ஸ்ட் கர்சர்' என்பதில், எழுதும் இடத்தில் மின்னும் மெல்லிய கோட்டைத் தடிமனாக்கலாம். எந்தக் கட்டத்தில் அடிக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிந்தால் பெயர் அடிக்கும் கட்டத்தில் ஆதார் எண் போய் விழாது.

ஐந்தாவது, இணையப் பக்கம். அரசு இணையதளங்களில்தான் எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். 'கண்ட்ரோல்' பட்டனுடன் 'பிளஸ்' குறியைத் தட்டத் தட்டப் பக்கம் பெரிதாகும். 'மைனஸ்' தட்டினால் சிறிதாகும். 'கண்ட்ரோல்' உடன் பூஜ்யம் தட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். குரோம் இந்த அளவை ஒவ்வொரு இணையதளத்துக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும்; ஒரு முறை வைத்தால் போதும்.

ஆறாவது, பூதக்கண்ணாடி. விண்டோஸ் பட்டனுடன் 'பிளஸ்' தட்டினால் 'மேக்னிஃபையர்' வரும். அம்பு போகும் இடமெல்லாம் பெரிதாகத் தெரியும். விண்டோஸ் பட்டனுடன் 'எஸ்கேப்' தட்டினால் மறைந்துவிடும். வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் 'கேப்சா' கட்டம் வரும்போது இது கை கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. எழுத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் சில விண்ணப்பங்களில் 'சப்மிட்' பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். பட்டனே இல்லை என்று பதற வேண்டாம். பக்கத்தைக் கீழே நகர்த்திப் பாருங்கள். இல்லையென்றால் 'கண்ட்ரோல்' உடன் பூஜ்யம் தட்டி, அனுப்பிவிட்டு, மறுபடி பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

வேர்டில் கடிதம் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. திரையில் பெரிதாகத் தெரிய 'ஜூம்' அளவைக் கூட்டுங்கள். எழுத்தின் அளவையே கூட்டினால் அச்சிலும் பெரிதாகி, ஒரு பக்கக் கடிதம் மூன்று பக்கமாகிவிடும்.

எண்ணையும் எழுத்தையும் சரிபார்ப்பது எப்படி?

எழுத்தைப் பெரிதாக்கியதும் பாதி வேலைதான் முடிந்தது. பூஜ்யமும் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தும், ஒன்றும் 'ஐ' எழுத்தும், ஐந்தும் 'எஸ்' எழுத்தும், எட்டும் 'பி' எழுத்தும் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஏமாற்றக்கூடியவை. எந்த இடத்தில் எண் வரும், எந்த இடத்தில் எழுத்து வரும் என்று தெரிந்திருந்தால் ஏமாற மாட்டோம்.

வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் மொத்தம் 11 இடம். முதல் நான்கும் எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான். அங்கே 'ஓ' அடித்தால் தவறு. பான் எண்ணில் 10 இடம்: முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஒன்று எழுத்து. பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு எண். ஹஜ் விண்ணப்பம் போடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 இடம். நம் மாநிலத்துக்கு அது 33 என்று தொடங்கும், அடுத்த பத்து இடமும் பான் எண்தான். ஆதாரில் 12 எண், எழுத்தே கிடையாது. ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் நம் சகோதரிகளின் பி.எஃப். யூஏஎன் எண்ணும் 12 எண்தான். இரண்டையும் மாற்றி அடித்துவிடாதீர்கள்.

இன்னொரு நல்ல வழி உண்டு. எண்ணை முதலில் 'நோட்பேட்' என்ற மென்பொருளில் அடியுங்கள். அதில் வழக்கமாக இருக்கும் 'கன்சோலாஸ்' எழுத்துருவில் பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு இருக்கும்; 'ஓ' எழுத்தில் கோடு இருக்காது. 'கண்ட்ரோல்' 'பிளஸ்' தட்டிப் பெரிதாக்கி, ஒருவர் பாஸ்புக்கைப் பார்த்து நான்கு நான்காக உரக்கச் சொல்ல, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். அடித்தவரே சரிபார்க்கக் கூடாது. தான் அடித்ததில் தவறு இருக்காது என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். எங்கள் அலுவலகத்தில் இப்போது இருவர் பார்க்காமல் எந்த விண்ணப்பமும் போவதில்லை.

மாவட்டம் தேர்ந்தெடுக்கும் பட்டியலும் நம் பகுதிக்கு ஒரு சோதனைதான். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மேல்விஷாரமும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன. விண்ணப்பத்தில் மாவட்டப் பட்டியலைத் திறந்தால் திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பத்தூர், திருப்பூர், திருவள்ளூர், திருவண்ணாமலை, திருவாரூர் என்று ஏழு ஊர் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் நிற்கும். திருப்பத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளிதான். ஆம்பூர்ப் பிள்ளையின் விண்ணப்பம் திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்விட்டால் அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. தேர்ந்தெடுத்த பிறகு கட்டத்தில் என்ன நிற்கிறது என்று ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

தமிழும் உருதும் திரையில்

ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கும் உருதுக்கும் திரையில் பெரிய அளவு தேவை. காரணம் புள்ளிகள். தமிழில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மறைந்துவிட்டால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். ண, ன இரண்டுக்கும் சுழியில்தான் வித்தியாசம். காலுக்கும் 'ர' எழுத்துக்கும் அடியில் உள்ள சிறு சாய்வுதான் வித்தியாசம்.

உருதில் நுக்தா இன்னும் முக்கியம். 'துஆ' என்ற சொல்லில் ஐன் மீது ஒரு நுக்தா ஏறினால் 'தகா', அதாவது வஞ்சகம் என்று ஆகிவிடும். 'குதா' என்பதில் மேலே இருக்கும் நுக்தா கீழே இறங்கினால் 'ஜுதா', பிரிந்தது என்று ஆகிவிடும். எழுத்தின் உடல் ஒன்றேதான். பொருளைக் காப்பது ஒரு சிறு புள்ளி.

இதை நம் முன்னோர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். ஆரம்ப கால முஸ்ஹஃப்களில் இன்று நாம் பார்க்கும் நுக்தாவும் ஹரகத்தும் இருக்கவில்லை. இஸ்லாம் அரபியரல்லாத மக்களிடம் பரவியபோது ஓதுவதில் பிழை வரத் தொடங்கியது. அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் உயிர்க் குறிகளுக்காகப் புள்ளிகளை இட்டதாகவும், அவர்களுக்குப் பின் வந்தவர்கள் எழுத்தைப் பிரித்தறியும் நுக்தாக்களை ஒழுங்குபடுத்தியதாகவும், கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் இன்றைய ஹரகத்துக் குறிகளை வகுத்ததாகவும் வரலாறு சொல்கிறது. படிக்கிறவர் சிரமப்படக் கூடாது, பிழையாகப் படித்துவிடக் கூடாது என்பதுதான் அந்த முயற்சிகளின் நோக்கம். மக்தபில் ஓதும் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் பாடம் காட்டும் பெற்றோர், பக்கத்தை 150 சதவீதமாவது பெரிதாக்கி, ஹரகத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஓத வையுங்கள்.

உருதுச் செய்தி இணையதளங்கள் சிலவற்றில் எழுத்து நமக்குப் பழக்கமான நஸ்தலீக் வடிவில் இல்லாமல் நஸ்க் வடிவில் தெரிவதால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நஸ்தலீக் எழுத்து வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்குவது. இயந்திரத்துக்கு அது எப்போதுமே கடினம். 1927இல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்ட 'முசல்மான்' உருது நாளேடு, காத்திபுகள் கையால் எழுதித்தான் அச்சாகி வந்தது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. 1981இல் நூரி நஸ்தலீக் எழுத்துரு வந்த பிறகுதான் கணினியில் அழகான உருது சாத்தியமானது. விண்டோஸில் 'உருது டைப்செட்டிங்' என்ற நஸ்தலீக் எழுத்துரு உண்டு. பட்டியலில் இல்லையென்றால் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று போய் 'அரபிக் ஸ்கிரிப்ட் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். நஸ்தலீக் சரிந்து இறங்க இடம் வேண்டியிருப்பதால், அதே அளவில் ஆங்கில எழுத்தைவிடச் சிறியதாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு 12 வைத்தால் உருதுக்கு 18 வையுங்கள்.

கண்ணைக் கவனிப்பதும் கடமை

நாற்பது வயதை ஒட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்வை இழக்கத் தொடங்கும். கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இது எல்லோருக்கும் வருவது, மறைக்க வேண்டியதில்லை. படிக்கும் கண்ணாடியைச் சாதாரணமாக 40 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். லேப்டாப் திரையோ 50, 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அதனால்தான் குர்ஆன் ஓதும்போது தெளிவாக இருக்கும் கண்ணாடி லேப்டாப் முன்னால் ஏமாற்றுகிறது. கண் பரிசோதனைக்குப் போகும்போது, திரை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். தெருவோரத்தில் வாங்கும் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும். நம் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருப்பது குறைவு.

திரையைப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது குறைந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சலும் வறட்சியும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 விநாடி பாருங்கள். சன்னலுக்கு எதிரே திரையை வைத்தால் வெளிச்சம் பட்டு எழுத்து வெளிறும், பக்கவாட்டில் வையுங்கள். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது சேமிப்பு முறை திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது எழுத்து மங்கினால் கண்ணைச் சந்தேகிக்காமல் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். எழுத்தைப் பெரிதாக்குவது மருத்துவத்துக்கு மாற்று அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். திடீரென்று பார்வை மங்கினாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1902இல் தொடங்கிய மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனைதான் இன்று சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையாக இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் வசதி இருந்தும் கண்ணைக் கவனிக்காமல் விடுவது, அல்லாஹ் கொடுத்த நிஃமத்துக்கு நாம் செய்யும் குறை.

ஒரு லேப்டாப், பல கண்கள்

"அப்பாவுக்காகப் பெரிதாக்கினால் எனக்குப் படிக்க இடமில்லை" என்று பிள்ளைகள் முணுமுணுப்பது தெரியும். 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்' என்று போய் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டாக்குங்கள். எழுத்தளவு, ஐகான், அம்பு எல்லாம் அவரவர் கணக்கோடு நின்றுவிடும். பாட்டியாருக்கு வேண்டிய அளவு பாட்டியாருக்கு. பேத்திக்கு வேண்டியது பேத்திக்கு.

இதில் வசதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எழுத்து தெரியாத காரணத்தால் நம் பெரியவர்கள் வங்கிக் கணக்கு, ஆதார், ஓடிபி எல்லாவற்றையும் யார் யாரிடமோ கொடுத்து, "நீயே பார்த்துப் போட்டுடு தம்பி" என்கிறார்கள். தம்பி நல்லவராக இருந்தால் சரி. மத்திய அரசு 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய 'உமீத்' இணையதளத்தில் வக்ஃப் சொத்து விவரங்களை ஆறு மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டியிருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். அறுபது, எழுபது வயது முதவல்லிகள், தங்கள் பள்ளிவாசலின் நிலத்துக்கு என்ன சர்வே எண் அடிக்கப்படுகிறது என்பதைத் திரையில் படிக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணும் எழுத்தும் சாய்கோடும் கலந்து வரும் உட்பிரிவு எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அது இன்னொருவருடைய நிலம். திரை 150 சதவீதத்தில் இருந்திருந்தால் அவர்களே படித்து, "இல்லை, இது தவறு" என்று சொல்லியிருப்பார்கள். அமானத்தைப் பொறுப்பேற்றவருக்கு அதைத் தன் கண்ணால் பார்க்கும் வாய்ப்பாவது வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃக்ரிப் வரை நம் அலுவலகத்தில் இரண்டு மாணவர்கள் இருப்பார்கள். லேப்டாப்பைக் கொண்டுவந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் இலவசமாக அமைத்துக் கொடுப்பார்கள். பெண்களுக்குச் சனிக்கிழமை காலையில் கல்லூரி மாணவிகள் உதவுவார்கள். வரும்போது வழக்கமாகப் போடும் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். அது இல்லாமல் சரியான அளவு வைக்க முடியாது. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யாரிடமும் சொல்ல வேண்டாம், எங்களிடமும்தான். உங்கள் கையாலேயே அடியுங்கள்.

வர முடியாதவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து லேப்டாப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, இன்று இரவு இஷாவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் தாய் தந்தையர் பக்கத்தில் உட்காருங்கள். "இது தெரிகிறதா? இன்னும் கொஞ்சம் பெரிதாக்கவா?" என்று கேட்டுக் கேட்டு வையுங்கள். அவர்கள் கூச்சத்தால் முதல் அளவிலேயே "போதும்" என்பார்கள். ஒரு படி மேலே வைத்து, ஒரு வரியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

அந்தத் தாயின் மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த ஆண்டு விண்ணப்பத்தை அவளே அடித்தாள். அவள் தாய் பாஸ்புக்கைப் பார்த்து எண்களைச் சொன்னார். நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். தொகை உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது. நம் அனைவரின் பார்வையையும் ரஹ்மான் பாதுகாப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்